தறியோடு ஓடும் வானொலி

கோவை வானொலியின் காலைக்கு ஒரு நிதானம் உண்டு. முதலில் வால்டர் காஃப்மன் அமைத்த முகப்பிசை: தம்புராவின் மீட்டலுக்கு மேல் இழையும் வயலின். பிறகு மங்கள இசை, பக்திப் பாடல்கள். 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வந்த காலத்தில், வாசிப்பாளர் சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லும் அழுத்தத்திலேயே வீடு சுறுசுறுப்பாகிவிடும். அறிவிப்பாளர்களின் திறமையை நாம் போதுமான அளவு பாராட்டியதில்லை. தாள் புரளும் சரசரப்பு மைக்கில் விழாமல், மூச்சு வாங்குவது தெரியாமல், யாரோ ஒருவரிடம் மட்டும் பேசுவதுபோல் பேசுவது லேசான காரியமல்ல.

பகலில் வானொலியைக் கேட்க வேண்டிய இடம் தறிக்கூடம்தான். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி இரைச்சலுக்குள் பாட்டு பாதிதான் காதில் விழும். இழை அறுந்து தறி நிற்கும் சில நொடிகளில் ஒரு வரி முழுசாகக் கேட்கும். முடிச்சுப் போட்டதும் மறுபடி சத்தத்தோடு கலந்துவிடும். மிச்சத்தை நெய்பவரே முணுமுணுத்து முடித்துக்கொள்வார். சாயங்காலம் வேளாண் நிகழ்ச்சி. மஞ்சளுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, வாழைக்கு என்ன உரம் என்று பதறாமல், கேட்பவர் மனதில் பதியும் வேகத்தில் சொல்வார்கள். அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது கைபேசியிலும் கோவை வானொலி கிடைக்கிறது. ஒரு நாள், வேலைக்கு நடுவே, மாற்றாமல் ஓடவிட்டுக் கேளுங்கள்.