ஜாக் கேட்ட பண்ணை

ஒரு சிறு பண்ணை. சில பசுக்கள், அவற்றின் கன்றுகள். இருவரும் சேர்ந்து பாடுபட்டால் வயிற்றைக் கழுவிக்கொள்ளலாம். ஆனி புரூ எழுதிய ‘புரோக்பேக் மவுண்டன்’ கதையில் ஜாக் ட்விஸ்ட் தன் காதலன் எனிஸ் டெல் மாரிடம் கேட்டது இவ்வளவுதான். எனிஸால் சரியென்று சொல்ல முடியவில்லை. சிறுவயதில் அவனுடைய அப்பா அவனை ஒரு வாய்க்காலுக்கு அழைத்துப்போய் ஒரு பிணத்தைக் காட்டியிருந்தார். ஒரே பண்ணையில் சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவருடைய பிணம் அது. அடித்துக் கொன்றிருந்தார்கள். அந்தக் காட்சியைச் சுமந்துகொண்டு வளர்ந்தவனுக்கு, பண்ணை என்று ஜாக் சொல்லும்போதெல்லாம் கண்ணில் பட்டது அந்த வாய்க்கால்தான். மீன் பிடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மலையில் எப்போதாவது சந்திப்பதிலேயே ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்தது. 1963 கோடையில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் தொடங்கிய உறவு, ஜாக்கின் சாவுக்குப் பிறகு, ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிவைத்த இரண்டு பழைய சட்டைகளாக மிஞ்சியது.

1997 அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ இதழில் வந்த இந்தக் கதையை 2005இல் ஆங் லீ படமாக்கினார். ஆணும் ஆணும் காதலிக்கும் கௌபாய் நாவல்கள் அமெரிக்காவில் இதற்கு முன்பே உண்டு என்றாலும், இதற்குப் பின் அவை பெருகின. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஜாக்குக்குக் கிடைக்காத பண்ணையைத்தான் இவற்றை எழுதுகிறவர்கள் வேறு வேறு பெயர்களில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டெக்சாஸ், மொன்டானா, வயோமிங் என்று ஊர் மாறும். கதை அந்தப் பண்ணை வாசலில் போய்த்தான் முடியும். முதல் பாகத்தின் வேலை அதோடு சரி. உள்ளே போனபின் என்ன நடந்தது என்று சொல்லவரும் இரண்டாம் பாகத்தில்தான் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் அந்த இருவரையும் இன்னொரு முறை பார்க்கக் கிடைத்ததே போதும் என்கிறார்கள். இன்னொரு சாரார், நிம்மதியாக இருந்தவர்களை ஏன் கிளறினீர்கள் என்று கோபப்படுகிறார்கள்.

இந்தக் கோபம் ரசனை வேறுபாட்டால் மட்டும் வருவதில்லை. ரொமான்ஸ் நாவல் தன் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. கதையின் நடுவில் காதல் இருக்கவேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தரவேண்டும் என்று அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கமே இலக்கணம் வகுத்திருக்கிறது. ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதையில் இந்த வாக்கு தவறினால் ஏமாற்றம், அவ்வளவுதான். தன்பால் காதல் கதையில் அது பழைய காயத்தில் விழும் அடி. 1981இல் வீட்டோ ரூஸோ எழுதிய ‘தி செல்லுலாய்ட் க்ளோசட்’ என்ற நூலின் கடைசியில், திரைப்படங்களில் இத்தகைய பாத்திரங்கள் எப்படியெல்லாம் செத்தன என்று ஒரு பட்டியலே இருக்கிறது. கொலை, தற்கொலை என்று அது நீள்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பிறகு வந்த வாசகர் சுபமான முடிவைத் தனக்கு வரவேண்டிய பழைய கடனாகப் பார்க்கிறார். முதல் பாகத்தில் அடைபட்ட கடனை இரண்டாம் பாகம் திரும்பப் பறித்துக்கொண்டால் அவர் சும்மா இருப்பாரா?

ஈ. எம். ஃபார்ஸ்டருக்கு இந்தத் தொடர்ச்சிச் சிக்கல் நூறாண்டுக்கு முன்பே நேர்ந்தது. 1913-14இல் அவர் எழுதி, அவர் இறந்தபின் 1971இல் வெளிவந்த ‘மாரிஸ்’ நாவலில், இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழப் போகிறார்கள். சுபமான முடிவு இல்லாவிட்டால் அதை எழுதியே இருக்கமாட்டேன் என்ற பிடிவாதம் அவருக்கு. சில ஆண்டு கழித்து, காட்டில் மரவெட்டிகளாக வாழும் அந்த இருவரையும் மாரிஸின் தங்கை சந்திப்பதாக ஒரு பின்கதையும் எழுதிச் சேர்த்தார். ஒரு சிறிய இரண்டாம் பாகம் என்றே அதைச் சொல்லலாம். கையெழுத்துப் பிரதியைப் படித்த எவருக்கும் அது பிடிக்கவில்லை, ஃபார்ஸ்டர் நீக்கிவிட்டார். அதற்கு அவர் பின்னால் சொன்ன காரணங்களில் ஒன்று முக்கியமானது. கதை நடப்பது 1912 வாக்கில். ‘சில ஆண்டு கழித்து’ என்று எழுதினாலே முதல் உலகப் போர் உள்ளே வந்துவிடும். இரண்டாம் பாகத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு காரணத்தில் அடங்கியிருக்கிறது. காதலர்களை ஒரு கணத்தில் நிறுத்திவைத்தால் அவர்கள் பத்திரம். நாட்காட்டியைப் புரட்டினால் போர் வரும், பஞ்சம் வரும், முதுமை வரும்.

கௌபாய் இலக்கியத்தின் பொதுப் பெருவழியிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. ‘புரோக்பேக் மவுண்டன்’ படத்துக்கு டயானா ஒசானாவுடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய லாரி மக்மர்ட்ரி, 1985இல் ‘லோன்சம் டவ்’ என்ற நாவலை எழுதியவர். அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தொலைக்காட்சித் தொடராகவும் வந்து வீடுவீடாகப் புகுந்தது. 1993இல் அந்தக் கதைக்கு இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்த தொடர்ச்சியில், எல்லோருக்கும் பிரியமான இளைஞன் நியூட் உயிரோடு வளைய வருகிறான். அதே ஆண்டு மக்மர்ட்ரியே எழுதிய ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லாரெடோ’ நாவலில், கதை தொடங்குமுன்பே அவன் குதிரைக்கு அடியில் சிக்கி இறந்துபோயிருக்கிறான். தலைவனாக இருந்த உட்ரோ ஒரு கையையும் ஒரு காலையும் இழக்கிறார். வாசகரின் ஆசைக்கு ஒன்று, காலத்தின் உண்மைக்கு ஒன்று என்று ஒரே ஆண்டில் இரண்டு தொடர்ச்சிகள். நாவலைப் படித்துவிட்டு எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனாலும் இந்த இரண்டில் இலக்கியமாக நிற்பது மக்மர்ட்ரியின் நாவல்தான்.

‘லோன்சம் டவ்’ பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மொன்டானாவில் இறந்துபோகும் நண்பர் கஸ்ஸின் உடலை, கொடுத்த வாக்குக்காக, உட்ரோ டெக்சாஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறார். வழியில் பார்ப்பவர்கள் கிறுக்கு என்று நினைக்கலாம். உனக்கு இதில் என்ன உரிமை என்று ஒருவரும் கேட்பதில்லை. எனிஸுக்கு அது வாய்க்கவில்லை. ஜாக்கின் சாம்பலைப் புரோக்பேக் மலைக்குக் கொண்டுபோகிறேன் என்று அவன் கேட்டதற்கு, குடும்பத்து மயானத்தில்தான் வைப்போம் என்று ஜாக்கின் தந்தை மறுத்துவிடுகிறார். இரண்டு கதையிலும் நேசம் ஒன்றுதான். பெயர் சொல்லாதவரை அது நட்பாக மதிக்கப்படுகிறது. பெயர் வந்துவிட்டால் சாம்பலில்கூடப் பங்கில்லை. கௌபாய் காதலுக்குத் தொடர்ச்சி எழுதுகிறவருடைய சுமை மற்றவர்களுடையதைவிட அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தன் கதைக்கு வாசகர்கள் தாங்களே மகிழ்ச்சியான முடிவுகள் எழுதி அனுப்புவது புரூவை வாட்டிவிட்டது. 2009இல் ‘பாரிஸ் ரிவ்யூ’ நேர்காணலில், அதை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று சொல்லுமளவுக்கு அவர் நொந்திருந்தார். கதை அந்த இரண்டு ஆண்களைப் பற்றியதல்ல, வெறுப்பைப் பற்றியது, ஓர் இடத்தையும் அதன் மனப்போக்கையும் பற்றியது என்பது அவர் வாதம். பாதி நியாயம் அவர் பக்கம். கதை வெளிவந்து ஓராண்டு ஆன தருணத்தில், 1998 அக்டோபரில், அதே வயோமிங் மாநிலத்தின் லாரமி நகருக்கு வெளியே மாத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவரை அடித்து வேலியில் கட்டிப் போட்டார்கள். சில நாளில் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அந்த வேலியைப் பார்த்த பிறகும், எனிஸின் அச்சத்தை ஒரு பத்தியில் கரைத்துவிட்டு இருவரையும் பண்ணையில் குடிவைக்கும் தொடர்ச்சி, கதையின் எலும்பை உருவிவிடுகிறது.

மீதிப் பாதியில் நான் அவரோடு உடன்படவில்லை. அந்த ஆசையே தவறான வாசிப்பு என்பதை என்னால் ஏற்க முடியாது. ஜாக்கே ஆசைப்பட்டவன்தானே? கதையின் இறுதிப் பகுதியில், டெக்சாஸிலிருந்து வேறொரு பண்ணைக்காரரை அழைத்துவந்து இங்கே வீடு கட்டி வாழப் போகிறேன் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்ததாக அவன் தந்தை சொல்கிறார். எனிஸ் மறுத்த கனவை ஜாக் இன்னொருவரோடு எழுதிப் பார்த்திருக்கிறான். கதைக்குள்ளேயே நடக்காத ஓர் இரண்டாம் பாகம் புதைந்துகிடக்கிறது. வாசகர் அதைத் தோண்டி எடுக்கிறார் என்றால் அதற்கான இடத்தைக் காட்டியவர் புரூதான். அந்த வாழ்க்கை வெறும் கற்பனை என்று சொல்வோருக்கும் ஒரு பதில் உண்டு. நெவாடாவின் ரீனோ நகரில் 1976இலேயே தன்பால் ஈர்ப்பாளர்கள் ரோடியோ நடத்தினார்கள்; 1985இல் அதற்கென்று ஒரு சர்வதேச அமைப்பும் பிறந்தது. சேணம் போடவும் கயிறு வீசவும் தெரிந்த அந்த ஆட்கள் எல்லாக் காலத்திலும் அந்த மண்ணில் இருந்தவர்கள்தான்.

தொடர்ச்சி எங்கே சறுக்குகிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முதல் பாகம் முழுக்க, வாய் திறக்கத் தெரியாத இரண்டு ஆண்கள் மெல்ல மெல்லப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். அதுதான் அந்தக் காதலின் சாதனை. இரண்டாம் பாகத்துக்குச் சிக்கல் தேவைப்படுகிறதே என்று எழுத்தாளர் பழைய காதலன் ஒருவனைக் கொண்டுவருகிறார். ஒரு கடிதத்தை ஒளித்துவைக்கிறார். உடனே இருவரும் மறுபடி ஊமையாகிவிடுகிறார்கள். கற்ற பாடத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து கற்பிக்கும் இந்த வேலை வாசகரை அவமதிப்பது. நிறைய வாசகர்கள் புத்தகத்தை மூடிவைப்பது இங்கேதான். அவர்கள் மூடிவைப்பது சரி.

எதிர்ப்பக்கத்துக் குறையும் இருக்கிறது. சண்டையே வேண்டாம் என்று பிறந்தநாள், பண்டிகை, பரிசு என்று அத்தியாயங்களை நிரப்புவது. அதில் ஊறிப்போகும் வாசகர்களை நான் குறைசொல்லமாட்டேன். அடிபட்டவருக்கு அமைதியான பக்கங்களும் மருந்துதான். ஆனால் மாடு இல்லாத, சாணி நாற்றம் இல்லாத, கடன் இல்லாத பண்ணையில் அந்த அமைதிக்கு எடை கிடைப்பதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ஆர். ஜே. ஸ்காட்டின் ‘தி ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ ஒரு கட்டாயத் திருமணத்தில் தொடங்கும் நாவல். எண்ணெய்க் குடும்பத்து ரைலியும் பண்ணைக்கார ஜாக்கும் (இவன் வேறு ஜாக்) அதில் நெருங்குகிறார்கள். பல எழுத்தாளர்கள் அடுத்த பாகத்தில் தம்பியையோ பக்கத்துப் பண்ணைக்காரரையோ புது நாயகனாக்கி, பழைய ஜோடியை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்பான உத்தி அது. ஸ்காட் அதே ஜோடியிடமே திரும்பி வருகிறார். தொடர்ச்சியான ‘டெக்சாஸ் வின்டர்’ நாவலில், தனக்கு ஒரு மகள் இருப்பது ரைலிக்குத் தெரியவருகிறது. இருவருக்கும் இடையில் சந்தேகத்தை விதைக்காமல், இருவரின் தோளிலும் சேர்த்து ஒரு பொறுப்பை ஏற்றிவைப்பதால் கதை நகர்கிறது. நாடகத்தனம் கொஞ்சம் தூக்கல்தான் என்றாலும் திசை சரியானது. சிக்கல் வெளியிலிருந்து வரவேண்டும், இருவரும் சேர்ந்து அதன் எதிரே நிற்கவேண்டும்.

பண்ணை நாட்டில் அப்படிப்பட்ட சிக்கலுக்குப் பஞ்சமே இல்லை. வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலி வாங்காமல் வந்து கைகொடுப்பார்கள். அவர்கள் வீட்டு முறை வரும்போது இவர்கள் போகவேண்டும். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் பண்ணைக்கு அந்த நாளில் யார் வருவார்கள்? யார் வராமல் இருப்பார்கள்? வந்தவர் சாப்பாட்டு மேசையில் உட்காருவாரா, வண்டியிலேயே இருந்துவிடுவாரா? காதல் கைகூடும் முதல் பாகத்தில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. சேர்ந்து வாழத் தொடங்கிப் பல குளிர்காலம் கடந்தபின்தான் இதை எழுத முடியும். தொடர்ச்சியே கூடாது என்பவர்களோடு நான் பிரிவது இந்த இடத்தில். எனிஸ் பார்த்த அந்த வாய்க்காலுக்கு முழுமையான பதில் இரண்டாம் பாகத்தில்தான் கிடைக்கும். முதல் பாகத்தில் ஊர் அச்சுறுத்தும். அல்லது ஒரு நல்ல மனிதர் முதுகில் தட்டிக் கொடுப்பார். ஊர் என்பது ஆண்டுக்கணக்கில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குக் காலம் வேண்டும், பக்கம் வேண்டும்.

உண்மையில் நடந்த ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. ஓக்லஹோமாவில் இரண்டு ஆண்கள் இருபது ஆண்டுக்கு மேல் ஒன்றாகப் பண்ணை நடத்தினார்கள். ஒருவருடைய பிள்ளைகளை இருவரும் சேர்ந்தே வளர்த்தார்கள். நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் முதலில் இறந்தார். எல்லாம் துணைவருக்கே என்று உயில் எழுதிவைத்திருந்தும், அதில் ஒரு சாட்சியின் கையெழுத்து குறைந்தது. உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். நிலம் அவர்களுக்குப் போயிற்று. அமெரிக்கா முழுவதும் தன்பால் திருமணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தபோது, அந்த இருவரைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஜாக் கேட்ட பண்ணை இவர்களுக்குக் கிடைத்தது, வாழ்ந்தும் காட்டினார்கள். அதற்குப் பின்னால் வந்த இரண்டாம் பாகம் இது.

ஆகவே இந்த வகை நாவல்களுக்குத் தொடர்ச்சி எழுதப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய காதலனை விட்டுவிடுங்கள். ஒளித்துவைத்த கடிதமும் வேண்டாம். அந்த உயிலில் இரண்டாவது சாட்சியாக ஊரில் யார் வந்து கையெழுத்துப் போட்டார் என்பதை எழுதுங்கள்.