பயிற்சியாளருக்கு வேண்டிய முழுப் பருவம்

1995ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்து இறுதியாட்டத்தில், வங்கதேசத்தை 1–0 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெறக் காரணமான அந்த ஒரே கோலை அடித்தவர், நம் முன்கள வீரர் சையத் சாபிர் பாஷா. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி நேரு விளையாட்டரங்குக்கு நடந்தே செல்லும் அபிமானிகளில் மூத்தவர்கள் அந்தக் கோலை மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும், பயிற்சியாளராக அவர் ஆற்றிய பணி அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை என்பதே என் துணிபு.

வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப். முதலிய அலுவலக அணிகளே தமிழக வீரனுக்கு உத்தியோகத்தையும் ஆட்டத்தையும் ஒருங்கே அளித்துக் காத்தவை. அவற்றுள் ஒன்றான இந்தியன் வங்கிக்கு ஆடி, பின்பு அதற்கே பயிற்சியாளராகி, அங்கிருந்து சென்னையின் எஃப்.சி.யின் துணைப் பயிற்சியாளர் ஸ்தானத்துக்கு வந்தார் பாஷா. 2018 மார்ச்சில், ஜான் கிரிகரியின் தலைமையில், பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த மைதானத்திலேயே சென்னை 3–2 என்று வென்றதே, அந்த ஆட்டத்தைச் சற்று உற்றுநோக்குங்கள். சுனில் சேத்ரியின் கோலால் ஆரம்பத்திலேயே பின்தங்கிய அணியை மீட்டவை, கார்னர் உதைகளிலிருந்து மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்ட இரு கோல்கள். யார் ஓடுவது, யார் மறிப்பது, பந்து எங்கே இறங்குவது என்று நாள்தோறும் ஒத்திகை பார்த்த அணிக்கே அத்தகைய கோல் வாய்க்கும். அந்த உழைப்பு பயிற்சியாளர் குழு முழுவதற்கும் உரியது.

2022 பிப்ரவரியில், எஃப்.சி. கோவாவிடம் சென்னை 0–5 என்று தோற்றதும் தலைமைப் பயிற்சியாளர் போஜிதார் பாந்தோவிச் விலக, பருவத்தின் எஞ்சிய சில ஆட்டங்களுக்குப் பொறுப்பு பாஷாவிடம் வந்தது. அடுத்த பருவத்துக்கு ஜெர்மனியின் தாமஸ் பிராடாரிச் நியமிக்கப்பட்டார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கவும், பருவத்துக்கு முந்தைய பயிற்சியை வகுக்கவும் அவகாசம் பெறாத ஒருவரின் யோக்கியதையை அச்சில ஆட்டங்களைக் கொண்டு அளப்பது நியாயமாகாது.

அவகாசம் பெற்றவர்கள் சாதித்ததைப் பாருங்கள். மெக்சிகோவுக்காக 1986 உலகக் கோப்பையில் ஆடிய ஹாவியர் அகிரே, பயிற்சியாளராகப் பச்சுகா கழகத்தில் ஆற அமரப் பணியாற்றி, 1999இல் அதற்கு லீக் பட்டம் வென்று தந்த பிறகே தேசிய அணிக்குத் தலைமையேற்று, ஸ்பெயினின் ஒசாசுனாவை நான்காம் இடத்துக்கும் உயர்த்தினார். நம் நாட்டிலேயே, 2021இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை இடைக்காலமாக ஏற்று அரையிறுதிவரை கொண்டுசென்ற காலித் ஜமீலுக்கு அக்கழகம் நிரந்தரப் பொறுப்பை அளித்தது. 2025இல் அவர் இந்திய அணியின் பயிற்சியாளரானார்.

திறமையை நம்பி அவகாசம் தருவதே அந்தக் கழகங்கள் காட்டிய வழி. பாஷா போன்றோரின் அனுபவத்தை ஆபத்துக் காலத்துக்கு மட்டும் அழைக்காமல், ஒரு பருவத்தின் தொடக்கத்திலேயே முழு அதிகாரத்துடன் நியமிக்கத் தமிழகத்தின் கழகங்கள் முன்வரவேண்டும். முன்வந்தால், ஆடி ஓய்ந்த பின்னும் கால்பந்தே தனக்குச் சோறு போடும் என்ற உறுதியோடு ஆவடிச் சிறுவன் ஒருவன் இந்த ஆட்டத்தைத் தேர்ந்துகொள்வான்.