சேது என்ற ஒரு சொல்

பண்டைக் கிரேக்க நகரங்களின் வெள்ளிக் காசுகளில் ஆள்பவன் முகத்தைவிட ஊரின் அடையாளமே பெரும்பாலும் முன்னிற்கும்: ஏதென்ஸுக்கு ஆந்தை, ஏகினாவுக்கு ஆமை, கொரிந்துக்குச் சிறகு முளைத்த குதிரை. ரோட்ஸ் தீவு தன் பெயரோடு ஒலி ஒத்த ரோஜாப்பூவைப் பொறித்தது. போக்கேயா அவ்வாறே கடல்நாயைப் பொறித்தது. எழுத்தறியாதவரும் காசைக் கையில் எடுத்ததும் ஊரைச் சொல்லிவிடலாம். பாடும் மீனின் பெயரால் தம் மண்ணை மீன்பாடும் தேனாடு என்னும் மட்டக்களப்பாருக்கு, மாட்டின் உடலில் குறி சுட்டு உரியவரை அறியும் செட்டிபாளையத்து வாவிக்கரையாருக்கு, இந்த மொழி அந்நியமன்று. ஆனால் தமிழில் காசே இப்படிப் பேசியதுண்டா என்றால், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசைத்தான் முதலில் காட்டுவேன்.

அது வெள்ளியன்று, செம்பு, கடைத்தெருவில் புழங்கியது. பரவலாகக் கிடைக்கும் வகையில் ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. நிற்கும் உருவம் பொலனறுவைக் காலத்துக் காசுகளிலிருந்து வந்தது. அவற்றிலோ பராக்கிரமபாகு போன்ற மன்னரின் பெயர் நாகரி எழுத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தார் அச்சின் உருவை ஏற்றார்கள், பெயரை விட்டார்கள். செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறி வந்த அரியணைப் பெயர்களுக்கு இங்கே இடமில்லை. மன்னன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடத்தின் பெயர், இராமேசுவரத்துக் கடலணையின் பெயர், நிற்கிறது. என் வாதம் முழுவதும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

சேது இராமேசுவரத்தில் அல்லவா, இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் ஆகாவா என்று முன்பு கேட்டவர்கள் உண்டு. சேதுபதி மரபை மதுரை நாயக்கர் நிலைநிறுத்தியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1619இல் யாழ்ப்பாண அரசே போர்த்துக்கேயர் கையில் முடிந்துவிட்டது. பொலனறுவை அச்சைத் தொடரும் காசுகளுக்கு அவ்வளவு பிந்திய காலம் பொருந்தாது. கேகாலைப் பக்கத்துக் கொட்டகமைத் தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்றே தொடங்குகிறது. வரலாற்றாசிரியர்களான ஞானப்பிரகாச சுவாமிகளும் இராசநாயக முதலியாரும் இவற்றை யாழ்ப்பாணத்துக்கு உரியனவாகக் கொண்டது சரியே.

இன்னொரு மறுப்பு கனமானது: ஏதென்ஸில் குடிமக்களின் அவை இருந்தது, யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூரில் அரசன்தான் இருந்தான், இரண்டையும் ஒப்பிடலாமா? அவையை ஒப்பிட முடியாது என்பதை ஏற்கிறேன். சேது குடிமக்களின் குரலன்று, அரசின் உரிமைக்குரல். ஆனாலும் அந்த உரிமை ஓர் ஆளின் மேல் அன்றி ஓர் இடத்தின் மேல் நிறுத்தப்பட்டது என்பது மாறாது. நல்லூரின் பெயரைப் பொறிக்காமல் கடலுக்கு அப்பால் போய்ச் சேதுவைத் தேர்ந்ததற்குப் பக்தி மட்டும் காரணமாகாது. 1344இல் இலங்கை வந்த பயணி இபன் பட்டூட்டா, ஆரியச்சக்கரவர்த்தி முன் முத்துக் குவியலைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்த முத்தும், யாத்திரிகரும், தோணிகளும் வந்த கடலின் பெயரைத்தான் செம்புக்காசு சந்தைக்குக் கொண்டுபோயிற்று.