பாத்திரத்தில் ஒரு நிறம், துணியில் ஒரு நிறம்

சங்குப்பூ ஊறிய கிண்ணத்தைச் சுற்றித்தான் பிள்ளைகள் கூட்டம் கூடும். ஒரு கைப்பிடி பூவும் கொஞ்சம் வெந்நீரும் போதும், சில நிமிடத்தில் கருநீலம் இறங்கிவிடும். எலுமிச்சை பிழிந்தால் ஊதா, சுண்ணாம்புத் தெளிவு விட்டால் பச்சை. சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைகளின் சமூகத் தோட்டங்களில் வேலியோரம் படர்ந்து கிடக்கிற கொடி இது. பெரானாக்கான் வீடுகளில் சோற்றுக்கும் கூவே பலகாரங்களுக்கும் நீலம் ஏற்றுவதும் இதை வைத்துத்தான். ஆனால் பருத்தித் துணியை அதில் முக்கி, பிழிந்து, உலர்த்திப் பாருங்கள். பலமுறை துவைத்து வெளுத்த பள்ளிச் சட்டையின் நீலம்தான் மிஞ்சும். வெயில் பட்டால் அதுவும் தங்காது.

"தண்ணி மட்டும் எப்படி அவ்ளோ நீலமா இருந்துச்சு, ஆன்ட்டி?" என்று முகம் சுண்டிப்போய் ஒரு பெண் கேட்பாள். நல்ல கேள்வி. பக்கத்து அடுப்பில் பழுப்பாகக் கொதிக்கிற வெங்காயத்தோலை அதுவரை யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். விடுமுறையில் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து இலை, பூ, தோல் கொண்டு கைக்குட்டைக்குச் சாயம் போடவைக்கிற இந்த வேலையில், எனக்குப் பிடித்தது அந்தப் பழுப்புத் தண்ணீர்தான்.

அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் தேக்கா வட்டாரத்திலேயே கிடைக்கும். ஈரச்சந்தை வெங்காயக் கடைக்காரரிடம் தோல் மட்டும் கேட்டால், நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு சாக்கைக் கவிழ்த்து உதறி, காசு வேண்டாம் என்று கையசைப்பார். துணியின் எடையில் பாதி எடைக்குத் தோல் வேண்டும். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். நிறுத்துப் பார்த்தால் 100 கிராம் துணிக்கான 50 கிராமே ஒரு பெரிய பை நிறைய வரும். கடுக்காய்ப்பொடியும் படிகாரமும் சிராங்கூன் சாலைப் பக்கத்து நாட்டுமருந்துக் கடையில் வாங்கலாம்.

பருத்தி பிடிவாதக்காரத் துணி. பட்டும் கம்பளியும் இழுத்துக்கொள்வதுபோல அது சாயத்தை இழுக்காது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்தால் துவர்ப்பு நாரில் ஏறும். அடுத்து, 100 கிராம் துணிக்கு 15 கிராம் என்ற கணக்கில் படிகாரத் தண்ணீர். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் துவர்ப்பையும் மறுகையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு வேலையையும் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்துவைத்தால்தான் பிள்ளைகளின் பொறுமை தாங்கும்.

இப்படிப் பக்குவப்பட்ட துணியை வெங்காயத்தோல் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் இளங்கொதியில் வைத்து எடுத்தால் பொன் நிறம். மஞ்சள்தோல் பெரிய வெங்காயம் என்றால் கலப்பில்லாத பொன். சிவப்புத்தோல் சேர்ந்துவிட்டால் அதில் ஒரு பாசிப்பச்சைச் சாயல் தட்டும். சிவப்பிலிருந்து பச்சை எங்கே வந்தது என்று பிள்ளைகள் பாத்திரத்தைக் கிளறித் தேடுவார்கள்.

முடிச்சைப் பிரிக்கிற நேரம்தான் உச்சம். மதுரையில் சௌராஷ்டிரர்கள் சுங்குடிப் புடவைக்குத் துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் கட்டுவார்கள். இங்கே பிஞ்சு விரல்களுக்குக் கொண்டைக்கடலையும் ரப்பர் பேண்டும். கடலையைத் துணிக்குள் பொதிந்து, அடியில் ரப்பரை நாலு சுற்றுச் சுற்றினால் ஒரு முடிச்சு. சாயத்திலிருந்து எடுத்து அலசி ரப்பரை உருவும்போது உள்ளேயிருந்து ஒரு வெளிர் வளையம் விரியும். அதன் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். கோடு போட்டாற்போல் நிற்காது. ரப்பர் தளர்ந்த இடங்களில் பொன் நிறம் இழை இழையாக உள்ளே நுழைந்திருக்கும். இறுக்கிக் கட்டிய பக்கம் மட்டும் விளிம்பு கத்தியாக நிற்கும். எந்தப் பிள்ளை பலமாக இழுத்தது, எது பாதியில் அலுத்துவிட்டது என்பதெல்லாம் அந்த வளையத்தில் எழுதியிருக்கும். பாக்கெட் சாயத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. நிறம் பளிச்சென்று வரும், மறுக்கவில்லை. ஆனால் கிண்ணத்தில் பார்த்ததேதான் துணியிலும். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தத் தீவுக்குச் சாய வாசனை புதிதல்ல. 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கியபோதே சீனத் தோட்டக்காரர்கள் இங்கே கேம்பியர் பயிரிட்டிருந்தார்கள். இலையைக் கொதிக்கவைத்து இறுக்கிய அந்தத் துவர்ப்புக்கட்டி வெற்றிலைக்கும் போனது, பிரிட்டனின் தோல் பதனிடும் தொழிலுக்கும் சாயத்தொழிலுக்கும் கப்பலேறியது. மண்ணின் சத்தையும், அடுப்புக்கு விறகாகச் சுற்றுக்காட்டையும் தின்று தீர்த்தபின் அந்தப் பயிர் ஜொகூருக்கு நகர்ந்தது.

துவர்ப்பின் வித்தையைப் பிள்ளைகள் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறப்போட்டால் மங்கலான ஒரு தண்ணீர் கிடைக்கும். கடுக்காய் மட்டும் ஏறிய துணியில் தூரிகையால் அதைத் தொட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது வெறும் ஈரம்போலத்தான் இருக்கும். ஒரு பையன் தன் பெயரின் கடைசி எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து சாம்பலாகிக் கறுக்கத் தொடங்கிவிடும். கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரியின் கறுப்புக் கோட்டுக்கும் இரும்பும் துவர்ப்பும் கூடுகிற இதே சேர்க்கைதான் ஆதாரம்.

மஞ்சளைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது, கை, மேசை, தரை எல்லாம் அதன் வசமாகிவிடும். படிகாரமே வேண்டாம், தொட்டதும் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் துணியில் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டால் உடனே செங்கல் சிவப்பு. ஆரத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை "இது எனக்குத் தெரியுமே" என்று முந்திக்கொள்ளும். அதன் மேலேயே எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு அழிந்து பழைய மஞ்சள். இந்தத் துணியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது மட்டும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சோப்புப் போட்டதும் முழுத் துணியும் சிவக்கும், சாயம் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். சோப்பும் காரம்தான். நன்றாக அலசி, கடைசித் தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டு, நிழலில் உலர்த்தினால் போதும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது.