கோத்த படங்கள்

இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையில், அறுவை அங்கியும் குல்லாயும் இன்னும் கழற்றப்படாமல் உடலோடிருக்க, வாயை மூடியிருந்த துணி அவிழ்ந்து கழுத்தடியில் தொங்க, ஒரு கையில் காப்பிக் கோப்பையும் மறு கையில் சிகரெட்டுமாக, மேடையில் சாய்ந்து நிற்கிறார் ஒருவர். அவருடைய கண்கள் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் எதையும் பார்க்கவில்லை. இந்தப் படத்தைத் தனியே காண்பவர், களைத்துப் போன ஒரு வைத்தியரைக் கண்டோம் என்ற அளவில் திருப்தியடைந்து அடுத்த வேலையைக் கவனிக்கப் போய்விடலாம். அதற்கு முன்னுள்ள படங்களையெல்லாம் கிரமமாகப் பார்த்துக்கொண்டு வந்து இங்கே நிற்பவருக்கு அது சாத்தியமில்லை.

1948-ஆம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி ‘லைஃப்’ வாரப் பத்திரிகையில் யூஜீன் ஸ்மித் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட ‘நாட்டுப்புற வைத்தியர்’ என்ற படக்கட்டுரையின் முடிவில் வருவது இது. கொலராடோ மாகாணத்து மலைப் பிரதேசத்தில் கிரெம்லிங் என்றொரு சிற்றூர். அதைச் சுற்றி ஏறக்குறைய நானூறு சதுர மைல் பரப்பில் சிதறிக் கிடந்த இரண்டாயிரம் ஜனங்களுக்கும் எர்னஸ்ட் செரியானி என்ற ஒரே வைத்தியர். படக்கட்டுரை என்ற சொல்லைக் கேட்டதும், ஒரு விஷயத்தைப்பற்றி எடுத்த நல்ல படங்களின் தொகுதி என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். நல்ல பூக்களைக் கூடையில் போட்டு வைத்தால் அது மாலையாகி விடாது என்பது பூக்கட்டுகிறவளுக்குத் தெரியும். புகைப்படக்காரர்களுக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

ஸ்மித் தொடுத்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். மேகம் கவிந்த வானத்தின் கீழே, புதர் மண்டிய வேலியோரமாகக் கைப்பையுடன் வைத்தியர் நடந்து வருகிறார், இது தொடக்கம். இடையில் ஓர் இடத்தில், அபூர்வமாகக் கிடைத்த ஓய்வில் ஆற்றில் தூண்டில் போட்டு நிற்கிறார். பார்க்கிற நமக்கும் ‘அப்பாடா’ என்று மூச்சு வருகிறது. அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் ஆள் வந்து கூப்பிட, தூண்டிலைப் போட்டுவிட்டுப் போகிறார். இரண்டரை வயதுக் குழந்தையைக் குதிரை உதைத்து விட்டது. நெற்றியில் பெரிய காயம், கண்ணிலும் அடி. வடு பெரிதாகத் தெரியாதபடி தைத்துக் கட்டுகிறார். பெற்றோர் பார்த்து நிற்கிறார்கள். கட்டுப்போட்ட அந்தச் சிறு தலைக்கு மேலே, கண்ணைக் காப்பாற்ற முடியாது என்பதை இவர்களிடம் எப்படிச் சொல்வது என்று அறியாமல் நிற்கும் வைத்தியரின் முகம். ஆற்றங்கரைப் படம் மட்டும் இல்லாதிருந்தால், இந்த முகம் நம்மை இவ்வளவு தாக்குமா? அந்தப் படத்தைத் தனியாக எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் பரிசு கிடைக்காது. ஆனால் இந்தக் கட்டுரையில் அதை எடுத்துவிட்டால் பாதிக் கட்டடம் சரிந்துவிடும். படக்கட்டுரையின் ரசம், படங்களில் எவ்வளவு இருக்கிறதோ அதைவிட அதிகமாக ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

கடைசிச் சமையலறைக் காட்சிக்கு முந்தின நேரத்தில் நடந்தது இது: பிரசவ அறுவையில் தாயும் குழந்தையும் இறந்துவிட்டார்கள். அந்த மரணத்தைக் காட்டாமல் கோப்பையைப் பிடித்த கையைக் காட்டினாரே, அந்த அடக்கத்தை என்னென்பது!

இப்படித் தொடுப்பதற்காக ஸ்மித் 23 நாள் அந்த வைத்தியரின் நிழலாகத் திரிந்தார். வந்த புதிதில் வெறும் காமிராவை, உள்ளே பிலிம் இல்லாமலே, சொடுக்கிக்கொண்டிருந்தார் என்றும், வைத்தியருக்குப் பழகிப்போன பிறகே உண்மையாக எடுக்கத் தொடங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. இதே ஸ்மித், 1955-இல் பிட்ஸ்பர்க் நகரத்தைப்பற்றிச் சுமார் நூறு படங்கள் கேட்கப்பட்டபோது, மூன்று வாரத்தில் முடித்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஏறத்தாழ 17,000 படங்களை எடுத்துத் தள்ளி, அவற்றைக் கோக்க முடியாமல் வருஷக்கணக்கில் தவித்தார். மகா கலைஞர்களின் தோல்வியிலும் நமக்கு ஒரு வகை ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

கோத்ததை அறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவர் வாழ்விலேயே சான்று உண்டு. ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில், தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் மீன்வழியே மனிதரை முடமாக்கிய கொடுமையை, 1971 முதல் மனைவி ஐலீனுடன் அங்கேயே தங்கிப் படமெடுத்தார். பிறவியிலேயே அந்த நஞ்சுக்கு ஆளான மகளைத் தாயொருத்தி தொட்டியில் நீராட்டும் படம் அதில் ஒன்று. அது தொடரிலிருந்து கழன்று உலகமெல்லாம் தனியே சுற்றி வந்தது. மகள் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவளை இனியாவது ஓயவிட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1990-களின் இறுதியில் ஐலீன் அந்தப் படத்தின்மேல் முடிவு செய்யும் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார்.

நம் காலத்தில் படக்கட்டுரை பத்திரிகைத் தாளை விட்டுக் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்து விட்டது. தாளிலே ஒரு படத்தை இரண்டு பக்கம் நிறையப் போட்டு முழங்கவிடலாம்; அதன் காலடியில் நான்கு சிறு படங்களை முணுமுணுக்க விடலாம். கைப்பேசியிலோ பெரியது சிறியது என்ற பேதம் அநேகமாகப் போய்விட்டது. அதிலும் ஒரு வேடிக்கை: வானமும் வயலும் அகன்று கிடக்கும் படுக்கைவாட்டுப் படம் அங்கே ரிப்பன் துண்டாகக் குறுகிவிடுகிறது; நெடுக்குவாட்டில் எடுத்த ஒரு சாதாரண முகம் திரையை நிறைத்துக்கொள்கிறது. ஆக, செய்கிறவன் கையில் மிச்சமிருக்கும் சாதனம் வரிசை ஒன்றுதான்.

இவ்வளவும் பேசுகிற நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்காரரை மூன்று காலைப்பொழுதுகள் தொடர்ந்து எடுத்து, இருநூறு சொச்சம் படங்களில் பதினொன்றைப் பொறுக்கி, கரி மூட்டுவதில் தொடங்கிச் சாம்பல் கொட்டுவதில் முடித்து, இணையத்தில் ஏற்றினேன். பெட்டியின் மூடியைத் திறந்து விசிறும்போது பொறி பறக்கும் ஒரு படத்தை மட்டும் நண்பர்கள் பிய்த்தெடுத்து, ‘காலை வணக்கம்’ எழுதி ஊரெல்லாம் அனுப்பினார்கள். மற்றப் பத்தையும் யாராவது பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

முழுதும் பார்த்தவர் ஒருவர் உண்டு. வண்டியருகே நின்று அவரிடமே காட்டினேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். மறுபடி மேலே போனார். நாலாவது படத்தில் நின்றார்.

“தண்ணி தெளிக்கிறது எங்க சார்? காஞ்ச துணியில பொட்டிய வெச்சா சுருக்கம் எப்படிப் போவும்?”

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய், மூடியில் துளையிட்ட பாட்டிலை அவர் ஒரு வெள்ளைச் சட்டையின்மேல் உதறுவதை எடுத்து வந்தேன். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே அது சரியாக உட்கார்ந்துகொண்டது.