லூயி மாலின் ‘ஃபாண்டம் இந்தியா’: தோல் நகரங்களிலிருந்து ஒரு பார்வை

பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் லூயி மால் 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒளிப்பதிவாளர் ஒருவரையும் ஒலிப்பதிவாளர் ஒருவரையும் மட்டும் உடனழைத்துக்கொண்டு, முன்கூட்டி வகுத்த திட்டமின்றிச் சில மாதங்கள் நம் நாட்டில் சுற்றினார். அதன் பயனாகப் பிறந்தது ‘ஃபாண்டம் இந்தியா’ என்னும் ஏழு பகுதிகள் கொண்ட ஆவணப்படம். 1969இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கென வெளிவந்த இது, 2007இல் கிரைட்டீரியன் நிறுவனத்தாரின் எக்லிப்ஸ் வரிசையில் ஒளித்தட்டாக வந்தது. ஆறு மணி நேரம் ஓடும் இப்படத்தை வேலூர், ஆம்பூர்ப் பகுதிச் சபைகளை மனத்திற்கொண்டு பார்க்க முயன்றோம்.

1970இல் பி.பி.சி. இதனை ஒளிபரப்பியபோது, வறுமையையே காட்டுகிறது என்று சினமுற்ற இந்திய அரசு, அந்நிறுவனத்தின் தில்லி அலுவலகத்தை மூடச் செய்தது. முழுவதையும் பார்ப்பவர் இக்குற்றச்சாட்டை ஏற்பது கடினம். சென்னையைக் குறித்த இரண்டாம் பகுதியில் மயிலைத் தேரோட்டம் உண்டு. கலாக்ஷேத்திர மாணவியரின் நடனப் பயிற்சி உண்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ படப்பிடிப்புங்கூட உண்டு. (தேர்க்காட்சி ஒன்றிற்காகவே இத்தட்டை வாங்கலாம்.) மேலும், பார்க்க வந்த தம்மையே மக்கள் பார்ப்பதை மால் மறைக்கவில்லை. ஒளிப்பதிவுக் கருவியை நேருக்கு நேர் உற்று நோக்கும் முகங்களை வெட்டி எறியாமல் விட்டுவைத்திருக்கிறார். முதற் பகுதிக்கு ‘இயலாத ஒளிப்படக் கருவி’ என்ற பொருளில் பெயரிட்டதும் இந்நேர்மையினாலேயே.

எனினும், அம்முதற் பகுதியிலேயே நம்மை உறுத்தும் காட்சி வருகிறது. செத்த எருமை ஒன்றைப் பிணந்தின்னிக் கழுகுகள் மொய்த்துத் தின்கின்றன. நீண்ட காட்சி. தமக்கு அது பெருந்துயர நாடகமாய்த் தோன்றியது என்றும், உடனிருந்த இந்தியருக்கோ அன்றாட நிகழ்ச்சியே என்றும் மால் கூறுகிறார். வியப்புக்கும் பழக்கத்திற்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துவிட்டதாக அவர் கருதுகிறார் போலும்.

ஆனால் வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ தோல் தொழிலில் முதிர்ந்த சபையார் ஒருவர் இதைக் கண்டால், அவருக்கு அது நாடகமுமன்று, வெற்று வாடிக்கையுமன்று. தோலை உரித்தது யார், உரிக்கவில்லையெனில் ஏன், என்பதே அவர் முதலில் கேட்கக்கூடியது. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துச் செல்வது இன்னார் கடன் என்று ஊர் விதித்திருந்தது. உரித்த தோலுக்கு உப்பிட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்ட கைகள் எவருடையவை என்பதையும் ஊர் அறிந்திருந்தது. பின்னர் குரோம் உப்பு வந்தது, பாலாறு கெட்டது, 1996இல் உச்சநீதிமன்றம் இப்பகுதித் தொழிற்சாலைகளைக் குறித்துத் தீர்ப்பளித்தது. அந்த எருமைக்குப் பின்னே இத்தனையும் உண்டு. மாலோ சாதிக்கென்று ஐந்தாம் பகுதியைத் தனியே ஒதுக்கியிருக்கிறார். முதற் பகுதியின் எருமைக்கும் ஐந்தாம் பகுதியின் சாதிக்கும் இடையே ஓடும் நரம்பை அவர் தொடவில்லை. வறுமையைக் காட்டினார் என்பதல்ல நம் குறை; காட்டியதை இயற்கையின் காட்சியாக நிறுத்திவிட்டார் என்பதே. இயற்கையும் நிலைத்து நிற்கவில்லை. 1990களில் கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்குளோஃபினாக் மருந்தினால் அக்கழுகுகள் பெரும்பாலும் அழிந்தன. 2006இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. இன்று அதே இடத்தில் அதே காட்சியை எடுக்க இயலாது.

இக்குறையை அயலான் ஒருவன்மேல் மட்டும் சுமத்துவது நமக்கு எளிது. மிஷன் அறிக்கைகளின் ஒளிப்படங்களில் நம் முன்னோர் நின்ற விதத்தை நினைத்துப் பார்க்கலாம். அது போகட்டும்; நன்கொடை வேண்டி நாமே இன்று எடுக்கும் படங்களில், வெடித்த கைகளை அருகில் காட்டுகிறோம்; அக்கைகளுக்குரியவர் கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் படம் முடிந்துவிடுகிறது. மாலாவது தம் இயலாமையைச் சொல்லிவிட்டுப் படமெடுத்தார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 9, 10ஆம் அதிகாரங்களைப் பிரசங்கிக்கும் நாம், யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டை விரைந்து கடந்து, வானத்திலிருந்து இறங்கும் துப்பட்டிக்குப் போய்விடுகிறோம். பேதுரு அவ்வீட்டில் அநேக நாள் தங்கினார். மால் வழிப்போக்கர், பேதுரு விருந்தாளி. இவ்வேறுபாட்டைக் கொண்டு பேதுருவை உயர்த்திவிடலாம் என்று முதலில் எண்ணினோம். ஆனால் தீட்டானதை ஒருநாளும் தின்றதில்லை என்று அவர் மறுத்துரைத்ததும் அதே வீட்டின் மேல்மாடியிலிருந்துதான். கீழே சீமோனின் தோல்கள் ஊறிக்கொண்டிருந்திருக்கும்.

இறையியல் கல்லூரிகளில் இப்படத்தைக் காட்ட விரும்புவோர் முதற் பகுதியையும் ஐந்தாம் பகுதியையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவது நன்று. பகுதிக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிடிக்கும். தோல் தொழிலாளர் சிலரையும் அன்று அழைத்து, மாணாக்கருக்கு முன்பாக அவர்களைப் பேசவிட வேண்டும்.