செவிவழி வரும் நற்செய்தி

கேட்பதால்தான் நம்பிக்கை பிறக்கிறது என்பது உரோமையருக்குத் திருத்தூதர் பவுல் உணர்த்திய உண்மை. 1972இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, அவ்வுண்மையையே தன் பெயராக ஏற்ற 'ஃபெய்த் கம்ஸ் பை ஹியரிங்' என்னும் அமைப்பு, ஆப்பிரிக்கத் தாய்மொழிகள் பலவற்றில் புதிய ஏற்பாட்டை ஒலிப்பதிவு செய்து வழங்கியுள்ளது. மின்சாரம் எட்டாத சிற்றூர்களுக்கென்று, சூரிய ஒளியாலும் கைப்பிடியைச் சுழற்றுவதாலும் இயங்கும் ஒலிக்கருவியையும் அது உருவாக்கியது. இம்முயற்சியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

படிப்பறிவற்றோருக்கு இது ஒரு மாற்றுவழி என்று சொல்லி அமைவோர் உளர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. கானா நாட்டின் ட்வி மொழியைக் காண்போம். பாசல் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டாலரின் உழைப்பால் 1871இலேயே அம்மொழியில் முழு விவிலியம் வெளிவந்தது. ஆயினும் ட்வி ஒரு தொனிமொழி. 'பப்பா' என்னும் ஒரே எழுத்துக்கோவை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தந்தை என்றும், நன்மை என்றும், விசிறி என்றும் பொருள்படும். வழக்கமான அச்செழுத்தோ இத்தொனிகளைக் குறிப்பதில்லை. வாசிப்பவரே இடமறிந்து அவற்றை ஊகித்துக்கொள்ள வேண்டும். எனவே ஒலிப்பதிவு ஏட்டிற்கு ஈடாகத் தரப்படும் இரண்டாந்தரப் பொருள் அன்று. ஏடு விட்டுவிட்ட குரலை மீட்டுத் தருவது. இதனை மனமாரப் பாராட்டுகிறோம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருப்பதற்கில்லை. இப்பதிவுகள் பல குரல்களும் பின்னணி இசையும் பிற ஓசைகளும் கலந்த நாடகப் பாங்கில் அமைந்தவை. புயலை அடக்கும் காட்சிக்கு இது துணைபுரியலாம். பிலாத்துவின் முன் ஆண்டவர் மறுமொழி கூறாது நின்றாரே, அந்த மௌனத்தை எந்த இசையால் நிரப்புவது? இறைவார்த்தை அறிவிக்கப்படும்போது அமைதிக்கும் இடம் உண்டு. ஓயாது ஒலிக்கும் பதிவு அவ்விடத்தைப் பறித்துக்கொள்ளும் அபாயம் உள்ளது.

இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை உரக்க வாசித்துச் சென்ற எத்தியோப்பிய அலுவலரைத் திருத்தூதர் பணிகள் நமக்குக் காட்டுகிறது. அவருக்கு எழுத்தும் தெரியும், ஒலியும் கேட்டது. ஆனால் அருகில் ஏறி அமர்ந்து, அவருடைய ஐயத்திற்குச் செவிகொடுத்த பிலிப்பு வந்த பின்னரே பொருள் விளங்கிற்று. கருவி பேசும், கேட்காது. ஆகவே கேட்போர் குழுவாய்க் கூடி, கேட்டதைப் பேசி, ஐயம் தெளிந்து, ஒன்றாய்ச் செபிக்காவிடில் பதிவின் பயன் பாதியிலேயே நின்றுவிடும்.

இதற்குச் சான்று கானாவிலேயே இருக்கிறது. உழவுத் தொழிலும் மருத்துவச்சிப் பணியும் செய்த, எழுத்தறியாத அஃபுவா கூமா என்னும் அம்மையார், அரசர்களைப் புகழும் தம் மக்களின் மரபில் இயேசுவைப் புகழ்ந்து ட்வி மொழியில் வாய்மொழியாகவே செபித்துவந்தார். அச்செபங்களை ஒலிநாடாவில் பதிவு செய்து எழுத்தாக்கினர். இறைவார்த்தைச் சபைக் குருவான ஜான் கெர்பி அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1981இல் நூலாக வெளிவந்தன. அம்மையார் பெந்தக்கோஸ்துச் சபையினர். ஆயினும் இன்று இறையியலாளர் அவரிடம் பாடம் கேட்கின்றனர்.

இங்கே ஒலிநாடா எதிர்த்திசையில் பயணம் செய்ததைக் கவனிக்க வேண்டும். அது ஏழைப் பெண் ஒருத்திக்குப் போதிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டது. நற்செய்தியைச் செவிவழி ஏற்றோர் வெறும் கேட்பாளர் அல்லர், அதற்கு விடையளிக்க வல்லோர் என்பதை அது மெய்ப்பித்தது.

பெந்தக்கோஸ்து நாளில் எகிப்தினரும் சிரேன் பகுதி லிபியரும் தத்தம் மொழியில் இறைவனின் மாபெரும் செயல்களைக் கேட்டனர். கேட்டவர்கள் வாளாவிருக்கவில்லை, 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என வினவினர். அத்தகைய வினா எழவும், அவ்வினாவைக் கேட்கவும் ஆள் இருக்கின்ற இடத்தில்தான் ஆப்பிரிக்க ஒலிப்பதிவுகள் தம் நோக்கத்தை அடைந்தன என்று நாம் சொல்ல முடியும். எத்தனை மொழிகளில் பதிவாயிற்று என்னும் கணக்கோடு நாம் நின்றுவிடலாகாது.